இரண்டு ஊசி மாய்ஸ்ச்சர் மீட்டர்: வாங்கலாம், எங்கே குத்துவது என்று தெரிந்தால்

மரக்கடையில் அதிகம் ஏமாற்றும் சொல் "காய்ந்த மரம்". அறுத்து ஆறு மாதம் அடுக்கில் கிடந்ததும் காய்ந்த மரம்தான். கில்னுக்குள் (மரத்தைச் சூடாக்கி உலர்த்தும் அறை) போய்ச் சீசனிங் ஆகி வந்ததும் காய்ந்த மரம்தான். நாலு நாள் வெயிலில் போட்டு மேல்பக்கம் மட்டும் உலர்ந்ததையும் அப்படியேதான் சொல்வார்கள். இழைத்து வைத்தால் மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். கதவாகவோ மேசையாகவோ ஆன பிறகு ஒன்று சும்மா இருக்கும், ஒன்று ஓரத்தில் இடைவெளி விடும், இன்னொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். கையில் எடுத்துக் கனம் பார்ப்பது, விரலால் தட்டிச் சத்தம் கேட்பது எல்லாம் பச்சை மரத்தைப் பிரித்துக் காட்டும். ஆனால் 18% ஈரத்தையும் 12% ஈரத்தையும் எந்தக் கையும் பிரித்துச் சொல்லாது. மரவேலையில் சிக்கல் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்த விமர்சனம் கையடக்கமான, இரண்டு ஊசி வைத்த சாதாரண மாய்ஸ்ச்சர் மீட்டர், அதாவது மரத்தின் ஈரத்தைக் காட்டும் கருவியைப் பற்றியது. ஊசி இல்லாத வகையும், ஊசியை அடித்து இறக்கும் சுத்தியல் வகையும் ஒப்பீட்டுக்கு வரும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் மீட்டராக வாங்க ஊசி வகையே சரி. எண்ணை ஒரு தசம இடம் வரை காட்ட வேண்டும், மர வகைத் திருத்தம் இருக்க வேண்டும், ஊசியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேண்டாம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு மட்டும் எரியும் வகை சுவர் ஈரம் பார்க்கப் பயன்படலாம், மரவேலைக்கு உதவாது.

மீட்டர் ஈரத்தை நேராக அளப்பதில்லை என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். இரண்டு ஊசிக்கும் நடுவில் மரத்தின் மின்தடையை அளந்து, அதை ஈர சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. டக்ளஸ் ஃபர் என்ற வட அமெரிக்க மென்மரத்தில் 7% ஈரத்தில் தடை ஏறத்தாழ 22,400 மெகா ஓம். 12%-இல் அது 120 மெகா ஓம், 20%-இல் வெறும் 2 மெகா ஓம் சொச்சம். ஈரம் கொஞ்சம் ஏறினாலே தடை இப்படிச் சரிந்துவிடுவதால்தான் விலை குறைந்த மீட்டர்கூட நடுப்பகுதியில் நன்றாகவே காட்டுகிறது. 6%-க்குக் கீழே தடை அளக்க முடியாத அளவுக்குப் போய்விடும். மேலே 25, 28 தாண்டினால் மாற்றம் மிகவும் மெல்லியது. பெட்டியில் "5 முதல் 60 வரை" என்று போட்டிருந்தாலும் 30-க்கு மேல் வரும் எண்ணை "பச்சையாக இருக்கிறது" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 42-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அந்த 30 தற்செயலாக வந்த எண் இல்லை. மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும்: செல்லின் குழிக்குள் தளும்பும் தண்ணீர், செல்லின் சுவரில் ஊறிய தண்ணீர். காயும்போது முதலில் குழித்தண்ணீர் போகும். அப்போது மரம் எடை இறங்குமே தவிர அளவு மாறாது. குழி காலியாகி, சுவர் மட்டும் ஊறியிருக்கும் நிலைதான் நார் நிறைவு நிலை, பெரும்பாலான மரங்களில் 28 முதல் 30% வரை. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் மரம் சுருங்கும். ஆக மீட்டர் ஒழுங்காக வேலை செய்யும் எல்லையும் மரம் அசையும் எல்லையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. மரவேலைக்காரருக்கு இது நல்ல அதிர்ஷ்டம்.

சதவீதம் என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. எம்.சி. என்று கடையில் சொல்லும் ஈர அளவு, முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டது, ஈர மரத்தின் எடையோடு அல்ல. அதனால்தான் பச்சை மரத்தில் 100%-க்கு மேலும் வரும். ஒரு துண்டு இப்போது 86.4 கிராம், அடுப்பில் முழுக்கக் காய்ந்த பின் 75.8 கிராம் என்றால் போன தண்ணீர் 10.6 கிராம். அதை 75.8-ஆல் வகுத்தால் 14%. தவறி 86.4-ஆல் வகுத்தால் 12.3% வரும். மீட்டர் பொய் சொல்கிறது என்று அடுப்புச் சோதனை செய்து "நிரூபிப்பவர்கள்" பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இனி குத்தும் விஷயம். மீட்டரின் தரத்தைவிட இதுதான் முடிவை அதிகம் மாற்றும்.

பலகையின் தலைப்பில், அதாவது குறுக்கே அறுபட்ட முனைக்குப் பக்கத்தில் குத்தக் கூடாது. முனை வழியாக ஈரம் போகும் வேகம் பலகையின் அகன்ற முகத்தின் வழியாகப் போவதைப் போல் 10, 15 மடங்கு. முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 10% காட்டும் பலகை நடுவில் 17% இருக்கலாம். குறைந்தது 50 செ.மீ. உள்ளே தள்ளிக் குத்துங்கள். பலகையே குட்டை என்றால் நட்ட நடுவில். கணு, பிசின் கோடு, வெடிப்பு, மேலே தண்ணீர் பட்டு ஈரமாக இருக்கும் இடம் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மழைச்சாரல் பட்ட பலகை 22 காட்டுகிறதென்றால் ஒரு இழைப்பு தள்ளிவிட்டு அதே இடத்தில் மறுபடி பாருங்கள், பெரும்பாலும் நாலைந்து இறங்கும்.

வைரமும் (மரத்தின் உள்பகுதி) வெளிறும் (பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி) ஒரே பலகையில் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகக் குத்துங்கள். பச்சையாக இருக்கும்போது பல மரங்களில் வெளிறில் ஈரம் மிக அதிகம். வைரத்தில் குறைவாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் விடும். பாதி காய்ந்த நிலையில் எது ஈரம் என்று ஊகிக்க முடியாது. கலப்புப் பலகையில் ஒரே எண்ணை எழுதி வைத்தால் அது இரண்டில் எதற்கும் பொருந்தாமல் போகலாம்.

ஊசி இரண்டையும் இழை ஓடும் திசையிலேயே, ஒன்றன் பின் ஒன்றாக வருமாறு குத்துவது வழக்கம். 15%-க்குக் கீழே இழைக்குக் குறுக்கே குத்தினாலும் பெரிய வேறுபாடு வராது. 20%-ஐத் தாண்டினால் குறுக்கே குத்தும்போது ஒன்றிரண்டு குறைத்துக் காட்டும். எந்தத் திசையோ, எப்போதும் ஒரே திசை என்பதாவது இருக்கட்டும்.

ஆழம்தான் ஊசி மீட்டரின் பெரிய பலவீனம். கைமீட்டரின் ஊசி 8, 10 மி.மீ. நீளம் இருந்தாலும் கையால் அழுத்தினால் கெட்டி மரத்தில் 3 மி.மீ. இறங்குவதே அதிகம். பலகையின் சராசரி ஈரம் தெரிய வேண்டுமானால் ஊசி நுனி தடிமனில் கால் பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள் இருக்க வேண்டும். 50 மி.மீ. பலகை என்றால் 10 முதல் 12.5 மி.மீ. வரை. கை மீட்டரால் அது ஆகாது. இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது: ஊசிகளின் இடைவெளியிலேயே இரண்டு மெல்லிய ஆணிகளை வேண்டிய ஆழத்துக்கு அடித்து, ஆணித்தலையில் மீட்டர் ஊசியைத் தொட்டுப் பார்ப்பது. வேலை செய்யும். ஆனால் ஆணிக்கு மின்காப்பு உறை இல்லாததால், வழியில் எந்த அடுக்கு அதிக ஈரமோ அதைத்தான் காட்டும். உலரும் பலகையில் உள்ளேதான் ஈரம் அதிகம் என்பதால் நுனியின் அளவு கிடைத்துவிடும். மழையில் நனைந்த பலகையில் மேல் ஈரத்தைப் பார்த்து ஏமாறுவீர்கள்.

ஒரு பலகையை அருகில் வைத்துப் பார்ப்போம். 50 மி.மீ. தடிமன், வெளிக்காற்றில் உலர்ந்தது, விற்பவர் வார்த்தையில் "நல்லா காய்ஞ்சது". முகத்தில் நாலு இடத்தில் குத்தினால் 11.5, 12, 11.8, 12.2. அருமை என்று தோன்றும். இப்போது முனையிலிருந்து அரை மீட்டர் உள்ளே குறுக்கே அறுத்து, அறுத்த ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் புதிய முனையின் நட்ட நடுவில் குத்துங்கள். 19 வருகிறது. விளிம்புப் பக்கம் நகர்த்தினால் 15, அப்புறம் 12. இந்தப் பலகையை நடுவில் பிளந்து இரண்டு மெல்லிய பலகையாக்கினால், இதுவரை உள்ளே இருந்த 19% முகம் வெளியே வரும். அது உலர உலரச் சுருங்கும், எதிர்முகம் ஏற்கெனவே சுருங்கி முடித்துவிட்டது. இரண்டு பலகையும் பிளந்த பக்கமாகக் குழிந்து கிண்ணம் போல் ஆகிவிடும். பழி ரம்பத்தின் மேல் விழும். முகத்தில் மட்டும் குத்திப் பார்த்தவருக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கில்ன் சொல் கேஸ் ஹார்டனிங். பெயரில் கடினம் இருந்தாலும் மேல்பரப்பு கெட்டியாவதில்லை. அவசரமாக உலர்த்தியதால் மேல்பகுதியும் உட்பகுதியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் விசை அது. ஈரம் எல்லா இடத்திலும் சீராக 10% ஆன பிறகும் இந்த இழுப்பு மிஞ்சி நிற்கலாம். எந்த மீட்டரும் இதைக் காட்டாது, காட்டாததற்கு மீட்டரைக் குறை சொல்லவும் முடியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி முள்கரண்டிச் சோதனை: பலகையிலிருந்து 25 மி.மீ. அகலத்தில் ஒரு குறுக்குத் துண்டு எடுத்து, நடுப்பகுதியை வெட்டி நீக்கி இரண்டு கால் மட்டும் நிற்கும்படி விடுவது. கால்கள் உள்பக்கம் மடிந்து ஒன்றையொன்று நெருங்கினால் பலகையில் இழுப்பு இருக்கிறது. நேராகவே நின்றால் கில்ன்காரர் கடைசியில் ஈர ஆவி விட்டுச் சரிசெய்திருக்கிறார்.

திருத்தங்களுக்கு வருவோம். பல மீட்டர்களின் அடிப்படை அளவுகோல் டக்ளஸ் ஃபரும் ஏறத்தாழ 20 டிகிரி வெப்பமும். மரம் மாறினால் தடை மாறும். வகைப் பட்டியல் இல்லாத மீட்டரில் அடர்ந்த வெப்பமண்டல மரங்களைக் குத்தினால் ஓரிரு சதவீதம் முன்பின் வரும். பட்டியலில் தேக்கு என்று இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். வணிகப் பெயரை நம்பி வேறு இனத்தின் எண்ணைத் தேர்ந்தெடுப்பது சாதாரணமாக நடக்கும் தவறு. வெப்பத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 21 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் காட்டும் எண்ணில் 1 கழிக்கவும், கீழே போனால் 1 கூட்டவும். 32 டிகிரியில் இருக்கும் பலகை 13 காட்டினால் அது 12. கில்னிலிருந்து சூடாக இறக்கிய மரத்தைக் குத்திப் பார்த்து "இன்னும் காயவில்லை" என்று திருப்பி அனுப்புவது இந்தக் கணக்கு தெரியாததால்தான். இதில் கணக்குக்கு வருவது மரத்தின் வெப்பம், அறையின் வெப்பமல்ல. தானாக வெப்பத் திருத்தம் செய்யும் மீட்டர்கள் சில, தமக்குள்ளே இருக்கும் மின்னணுச் சில்லின் வெப்பத்தைத்தான் பார்க்கின்றன. மரத்தோடு ஒரே இடத்தில் அரை மணி நேரம் வைத்த பிறகே அது உதவும்.

மீட்டர் சரியா என்று பார்க்க மூடியிலேயே ஒரு சோதனைத் தடையம் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மின்னணுக் கடையில் ஒரு 1 மெகா ஓம் தடையம் வாங்கி இரண்டு ஊசிக்கும் நடுவில் பிடியுங்கள். டக்ளஸ் ஃபர் அளவுகோலில் 22 அருகே காட்ட வேண்டும். 19 அல்லது 26 காட்டினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், மாறாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். தடையத்தின் கம்பியை இரண்டு கையாலும் தொட்டுப் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பும் சேர்ந்து அளவாகிவிடும். எதிலும் குத்தாமல் காற்றில் பிடிக்கும்போதே எண் வந்தால் ஊசிகளின் நடுவிலுள்ள பிளாஸ்டிக்கில் ஈரமோ அழுக்கோ படிந்திருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் தீரும்.

முழு நம்பிக்கை வேண்டுமென்றால் அடுப்புதான் கடைசி நீதிமன்றம். முனையிலிருந்து 50 செ.மீ. உள்ளே, இழை நீளத்தில் 25 மி.மீ. துண்டு வெட்டுங்கள். சிம்பு, தூள் துடைத்து உடனே 0.1 கிராம் வரை எடை போடுங்கள். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்கலாம். 103 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடை போட்டு, மறுபடி சில மணி நேரம் வைத்து எடை இறங்குவது நின்றதும் முன்சொன்ன வகுத்தல். ஒரே மரத்தை அடிக்கடி வாங்குபவர் இதை ஒருமுறை செய்துவிட்டால் தன் மீட்டர் அந்த மரத்தில் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று நிரந்தரமாகத் தெரிந்துவிடும். அதன் பிறகு வகைப் பட்டியலே தேவையில்லை.

கட்டுமானத்தில் முதலில் போவது ஊசி. கெட்டியான வைரத்தில் சாய்த்து அழுத்தினாலோ, எடுக்கும்போது ஆட்டினாலோ வளைந்துவிடும். நேராக அழுத்தி நேராக இழுக்க வேண்டும். திருகி மாற்றும் ஊசி உள்ள மீட்டரைப் பல வருடம் ஓட்டலாம், பசையால் ஒட்டிய ஊசி என்றால் வளைந்த அன்றே கதை முடிந்தது. எண்ணை நிறுத்தி வைக்கும் ஹோல்ட் பொத்தான் சின்ன விஷயமாகத் தெரியும். அடுக்கின் இடுக்கில் கையை விட்டுக் குத்தும்போதுதான் அருமை புரியும். புளூடூத், செயலி போன்றவை இல்லாமலே காலம் தள்ளலாம்.

ஊசியில்லா வகை ஒரு தட்டை மரத்தின் மேல் வைத்து மின்புலத்தால் அளக்கிறது. ஓட்டை விழாது, நூறு பலகையைச் சீக்கிரம் ஓட்டிப் பார்க்கலாம், பாலிஷ் போட்ட சாமானையும் பார்க்கலாம். இதற்குத் தேவையான திருத்தம் மரத்தின் அடர்த்தி. அதைத் தவறாக வைத்தால் எல்லா எண்ணும் தவறு. இன்னொரு பொறி ஆழம். பல மீட்டர்கள் 19 மி.மீ. வரை பார்க்கும். 1 அங்குலம் என்று விற்கும் பலகை இழைத்த பின் பெரும்பாலும் அதே 19 மி.மீ.தான். அதற்கும் மெல்லிய பலகையானால் கீழே இருக்கும் மேசையும் சேர்ந்து அளவாகும், இரும்பு மேசையானால் கேட்கவே வேண்டாம். பலகையின் அடியில் காற்று இருக்கும்படி இரண்டு கட்டை மேல் வைத்துப் பாருங்கள். ரம்ப வரி உள்ள சொரசொரப்பான பலகையில் தட்டு முழுதாக ஒட்டாது, குறைத்துக் காட்டும். முகத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை இது பிரித்துச் சொல்லாது. இரண்டாவது மீட்டராக நல்லது.

சுத்தியல் வகையில் ஊசியின் நுனி தவிர மற்ற இடம் உறை போட்டிருக்கும். எந்த ஆழத்தில் நுனியோ அந்த ஆழத்தின் ஈரம் மட்டும் வரும். தடித்த சட்டம், தூண், உத்திரம் வாங்கும் தொழிலுக்கு இதுவே சரியான கருவி. வீட்டில் பலகை வேலை செய்பவருக்கு அதிகப்படி.

எதிலெல்லாம் மீட்டரை மறந்துவிட வேண்டும் என்றால், பிளைவுட்டும், நடுவில் கட்டைகளை ஒட்டிய பிளாக்போர்டும் முதலில். பசை அடுக்கில் மின்சாரம் எளிதாக ஓடுவதால் கூட்டிக் காட்டும். பூச்சி வராமல் உப்பு மருந்து ஏற்றிய மரத்திலும் அதே கதை.

சரி, எவ்வளவு இருக்க வேண்டும்? மரம் நிற்கப் போகும் இடத்தின் காற்று சொல்லும். 21 டிகிரியில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30% என்றால் மரம் 6% சொச்சத்தில் போய் நிற்கும். 50% என்றால் 9, 65% என்றால் 12, 80% என்றால் 16. இதுதான் சமநிலை ஈரம். "8% தான் நல்ல மரம்" என்று எல்லா இடத்துக்கும் சொல்வது தவறு. 80% காற்றில் நிற்கப் போகும் மேசைக்கு 8% மரத்தை இறுக்கி அடித்தால், அது ஊதிச் சட்டத்தைப் பிதுக்கிவிடும். வட அமெரிக்க மென்மரத்தில் குத்தியிருக்கும் கே.டி. 19 என்ற முத்திரையும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. கில்னில் உலர்த்தி 19%-க்கு மிகாமல் இருக்கிறது என்பதே அதன் பொருள். கட்டடச் சட்டத்துக்கு அது போதும், அலமாரிக் கதவுக்குப் போதாது.

வித்தியாசம் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8%, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் 2.5% சுருங்கும். 200 மி.மீ. அகலப் பலகை 18-இலிருந்து 12-க்கு இறங்கினால், வளையங்கள் முகத்தில் படுத்திருக்கும் ஃப்ளாட் சான் அறுப்பில் 2.3 மி.மீ. குறையும். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் குவார்ட்டர் சான் அறுப்பில் 1 மி.மீ.தான். ஐந்து பலகை ஒட்டிய மேசைப் பரப்பில் முதல் அறுப்புக்கு 11 மி.மீ. தாண்டும். இந்தக் கணக்கில் வரும் தேக்கு குறைவாக அசையும் மரம். மற்ற பல மரங்களில் இதைவிட மோசம்.

வாங்கப் போகும்போது மீட்டரோடு ஒரு பென்சிலும் இருக்கட்டும். விற்பவர் அடுக்கின் மேல் பலகையைத்தான் நீட்டுவார், காற்று முதலில் பட்டது அதுதான். நடு வரிசையிலிருந்து இரண்டு, அடி வரிசையிலிருந்து ஒன்று இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இடம் குத்தி, பலகையின் ஓரத்திலேயே எண்ணும் தேதியும் எழுதுங்கள். வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுவந்து 25 மி.மீ. இடைக்கட்டை வைத்து அடுக்கி, வாரம் ஒருமுறை பழைய துளைக்குப் பக்கத்தில் புதிதாகக் குத்திப் பாருங்கள். பழைய துளையிலேயே குத்தினால் ஊசி தளர்ந்து உட்கார்ந்து எண் குறையும், மரம் காய்ந்துவிட்டது போல் தோன்றும். மூன்று வாரம் தொடர்ந்து எண் அரைச் சதவீதத்துக்கு மேல் நகரவில்லையென்றால் இழைப்புளியை எடுக்கலாம்.